‘குலதெய்வம் எதுங்க?’: திருப்பூரில் வீடு தேடுதல்

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நகர வளர்ச்சி, இடப்பெயர்வு, வீட்டுப் பற்றாக்குறை பற்றிப் பேசச் சொன்னார்கள். புள்ளிவிவரங்களோடுதான் வந்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. இங்கே வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஏறக்குறைய எல்லோரும். வீட்டுக்காரர் உங்களிடம் முதலில் கேட்டது என்ன? எவ்வளவு வாடகை தர முடியும் என்றா?

ஆய்வுக் களப்பணிக்காகத் திருப்பூரில் ஓர் அறை தேடினேன். வாசலில் ‘டு லெட்’ பலகை தொங்கிய வீடு. அந்த அம்மா நல்லவர், உட்காரவைத்து டீ கொடுத்தார். “சொந்த ஊரு எதுங்க தம்பி?” சொன்னேன். “ஊருக்குள்ளயா, தோட்டமுங்களா?” கொங்கு நாட்டில் மூன்றாவதாக ஒரு பதில் உண்டு, காலனி. அதை அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. “குலதெய்வம் எதுங்க?” மதுரைவீரன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருக்குதுங்க, கேட்டுட்டுச் சொல்றனுங்க.” அடுத்த வாரமும் பலகை அங்கேயே தொங்கியது. முனைவர் பட்ட ஆய்வாளர் என்கிற அடையாள அட்டையை நான் பையிலிருந்து எடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

பொருளாதாரம் படித்தவர்கள் இதைப் பற்றாக்குறை என்பார்கள். ஆள் அதிகம், வீடு குறைவு, கட்டினால் சரியாகிவிடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. திருப்பூர் நகர்ப்பகுதியின் மக்கள்தொகை 2001இல் ஏறத்தாழ 5.5 லட்சம். 2011இல் 9.6 லட்சம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவில்லை. இப்படி வளரும் ஊரில் வீடு கட்டாமல் முடியாது. ஆனால் 2012இல் ஒன்றிய அரசின் வல்லுநர் குழு நாட்டின் நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று கணக்கிட்டது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்குமான வீடுகள். அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த கணக்கெடுப்பிலோ, நகரங்களில் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பற்றாக்குறை இருக்கிறது, காலி வீடும் இருக்கிறது. நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலில் என்ன நடக்கிறது என்பதற்கு எந்தக் கணக்கெடுப்பிலும் கட்டம் இல்லை.

திருப்பூரில் வாடகை வீடு எப்படி வந்தது என்று பாருங்கள். ஏற்றுமதி பெருகியபோது மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் லைன் வீடுகள் எழும்பின. வரிசையாகப் பத்துக்குப் பத்து அறைகள், பொதுக் கழிப்பறை, முறைவைத்துத் தண்ணீர். விவசாயக் கவுண்டர்கள் உழைப்பாலும் உறவு வலையாலும் பனியன் கம்பெனி முதலாளிகள் ஆனதை சரத் சாரி தன் ‘ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நிலமும் அதே உறவு வட்டத்தில்தான் பெரும்பாலும் இருந்தது. சம்பளம் கொடுக்கும் கையும் வாடகை வாங்கும் கையும் பல இடங்களில் பங்காளிகள்.

எனக்குக் கொடுக்காத வீட்டுக்காரர்கள் வடமாநிலத்து இளைஞர்களுக்குக் கொடுக்கிறார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆமாம், ஒரே அறையில் ஆறு பேர், தலைக்கு இவ்வளவு என்று. நான் புரிந்துகொண்டது இதுதான்: அந்த இளைஞனின் சாதியை அவர்களால் படிக்க முடியாது. அவன் ஊரின் பெயர் தெரியாது, குலதெய்வம் சொன்னாலும் புரியாது. அதனால் எல்லோரையும் சேர்த்து ‘வடக்கன்’ என்று ஒரு புதுச் சாதியாக்கி, அதற்கென்று தனி லைன் ஒதுக்கிவிடுகிறார்கள். என் சாதியைப் படிக்க மூன்று கேள்வி போதும்.

கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்றார் அம்பேத்கர். பெரியாரும் கிராமம் என்ற அமைப்பே கூடாது என்றார். சரியாகத்தான் சொன்னார்கள். டீக்கடையில், பேருந்தில், தையல் மிஷின் முன்னால் நகரம் எவ்வளவோ மாற்றியிருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வீட்டு வாசல் எப்படிப்பட்டது என்பதும் அம்பேத்கருக்குத் தெரியும். 1917இல் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்குப் போனவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள்.

2015இல் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லிப் பகுதி வாடகை வீடுகள் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். தொலைபேசியில் தலித் பெயர் சொல்லிக் கேட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு மறுப்பு. முஸ்லிம் பெயருக்கு 31.

அரசு தரும் தீர்வு வேறு வகை. சென்னையின் கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் அடுக்கியது. சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே வரைபடம், இப்போது லிஃப்டோடு.

சட்டம் இல்லையா? 2017இன் தமிழ்நாடு வாடகைச் சட்டம் முன்பணம், வாடகை உயர்வு, காலி செய்வது பற்றியெல்லாம் பேசுகிறது. அது உள்ளே போய்விட்டவர்களுக்கான சட்டம், வாசலில் நிற்பவருக்கானது அல்ல. நம்மூரில் ‘பி.சி.ஆர்.’ என்று அறியப்பட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் குடியிருப்பும் வருகிறது. ஆனால் “கேட்டுட்டுச் சொல்றனுங்க” என்பதை எந்தக் காவல் நிலையத்தில் புகாராக எழுதுவது?

அதனால் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கோவையிலும் திருப்பூரிலும் ஒரே வாடகை விளம்பரத்துக்கு இரண்டு பேர், இரண்டு விதமான ஊர், தெரு விவரங்களோடு போன் பேசிப் பார்க்கப் போகிறோம். என்ன பதில் வருகிறது என்று தேதியோடு எழுதி வைக்க வேண்டும். இருபது பேர் தேவை. கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். குலதெய்வத்துக்கு யார் என்ன பதில் சொல்வது என்பதையும் அப்போதே பேசி முடிவுசெய்துகொள்வோம்.