சிபாரிசுக் கடிதம் இனி செல்லாது



1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். செப்டம்பர் 19 அன்று உயிர் பிரிந்தது. சுட்டவர் சார்லஸ் கிட்டோ. தேர்தலில் கார்ஃபீல்டை ஆதரித்து ஓர் உரை எழுதி அச்சடித்தவர். அந்த உழைப்புக்குப் பாரிஸ் துணைத் தூதர் பதவி கிடைத்தே தீரும் என்று மாதக்கணக்கில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பாரிஸ் பேச்சையே இனி எடுக்கக் கூடாது என்று கடைசியில் வெளியுறவு அமைச்சர் பிளெய்ன் விரட்டிவிட்டார்.

கிட்டோ மனம் பேதலித்தவர்தான். ஆனால் அவர் எதிர்பார்த்ததில் அன்றைய அமெரிக்காவில் புதுமை எதுவும் இல்லை. ஆட்சி மாறினால் தபால் அலுவலக எழுத்தர் வரை ஆள் மாறும். வேலை தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. யாருடைய ஆள் என்றுதான் கேட்பார்கள். வேலை கிடைத்த பிறகும் விசுவாசத்துக்குத் தவணை கட்ட வேண்டும். சம்பளத்தில் ஒரு பங்கு கட்சி நிதிக்குப் போகும்.

இந்த முறையில் ஊறி வளர்ந்தவர்தான் அடுத்து ஜனாதிபதியான செஸ்டர் ஆர்தர். கட்சிக்காரர்களுக்குப் படியளந்த நியூயார்க் சுங்கத்துறைக்குத் தலைவராக இருந்து, 1878இல் அந்தப் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். அவரிடம் சீர்திருத்தத்தை எதிர்பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அரசுப் பணிக்குப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்த பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரி 16 அன்று கையெழுத்திட்டவர் அவரே.

அந்தச் சட்டத்தின் நுணுக்கங்களைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். போட்டித் தேர்வு, பார்க்கப்போகும் வேலையையொட்டி இருக்க வேண்டும். ஏட்டுப் படிப்பைச் சோதிப்பது அதன் நோக்கமல்ல. தேறியவரும் தகுதிகாண் பருவத்தைத் தாண்டினால்தான் பணி நிரந்தரம். பதவி உயர்வுக்கும் தேர்வு உண்டு. தேர்வாணையத்தின் மூன்று உறுப்பினர்களில் இருவருக்கு மேல் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. கட்சி நிதி கொடுக்காததற்காக ஊழியரை நீக்கவும் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது சிபாரிசு பற்றிய பிரிவு. செனட்டரோ பிரதிநிதிகள் சபை உறுப்பினரோ சிபாரிசுக் கடிதம் கொடுத்தால், விண்ணப்பதாரரின் நடத்தை, வசிப்பிடம் பற்றிய வரிகளை மட்டுமே ஏற்கலாம். மற்றதைக் கணக்கில் எடுக்கவே கூடாது. நோய் எங்கே இருக்கிறதென்று தெரிந்து கை வைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் மத்திய அரசுப் பணிகளில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இந்தச் சட்டத்துக்குள் வந்தது. பிறகு வந்த ஜனாதிபதிகள் எல்லையை விரித்துக்கொண்டே போனார்கள். பதவி முடிந்து கிளம்பும் நேரத்தில், தாங்கள் நியமித்தவர்களைக் காப்பாற்றுவதற்காகவே சிலர் அப்படிச் செய்தார்கள். அடுத்து அந்த இடங்கள் காலியானபோது, தேர்வில் தேறியவர்களே அவற்றுக்கு வந்தார்கள்.