மருந்து இலவசம், வழிச்செலவு?

(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருப்பாலைவனம் முதல் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் வரை நோயாளிகளைப் பார்த்து வருகிறவன் நான். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அதைக் கொள்முதல் செய்யவே 1994-ல் தமிழக அரசு தனிக் கழகம் அமைத்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. 2021 முதல் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இவற்றைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல்.

ஆயினும் ஏழை ஏன் நோய் முற்றிய பின்பே வருகிறார்? ஏரியில் பாடு உள்ளவர் தம் முறைக்கு வலை வளைக்கிறார். பாடு இல்லாத பெண்களோ பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுள் ஒரு தாய், சிப்பி கிழித்த காலோடு மூன்று வாரம் இருந்துவிட்டார். "ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னிக்கு உலை வைக்க முடியாதுங்க ஐயா" என்றார். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னை ஸ்டான்லிக்கு அனுப்பினால், துணைக்குப் போகிறவர் கூலியும் போயிற்று! காப்பீட்டு அட்டை அந்தக் கூலியைத் தராது.

நல்ல சமாரியன் புண்ணுக்கு எண்ணெய் வார்த்ததோடு நிற்கவில்லை. தன் வாகன மிருகத்தின்மேல் ஏற்றிச் சென்றான். சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான். மருந்தை அரசு தருகிறது. எஞ்சியதை நாம் ஏற்கலாமே. தோரணத்துக்கும் வாணவேடிக்கைக்கும் ஒதுக்கியதில் ஒரு பகுதியை, பேருந்துக் கட்டணத்துக்கும் அன்றைய அரிசிக்கும் நிதியாக வைப்போம். வருமானச் சான்றுக்கு மனு எழுதித்தர, ஞாயிறு பூசைக்குப் பின் நம் இளைஞர்கள் ஒரு மணி நேரம் கோயில் வாசலில் அமரட்டும். வருகிறவர் நம் பங்கைச் சேர்ந்தவர்தானா என்று மட்டும் கேட்க வேண்டாம்.