கடைக் கணக்குக்கு ஒரு காவல் பெட்டி

(திருச்சி காந்தி மார்க்கெட் வியாபாரிகளிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

ராத்திரி லோடு இறக்கிட்டுத் தூக்கக் கண்ணோட உட்கார்ந்திருக்கீங்க. சீக்கிரமே முடிச்சிடுறேன்.

எங்க பெரியப்பாவுக்கு மளிகை மொத்தக் கடை. ஒருநாள் காலையில கம்ப்யூட்டரைத் திறந்தா, டேலி ஃபைல் எல்லாத்துக்கும் வாலில் புதுசா ஏதோ பேர் ஒட்டியிருக்கு. எதுவும் திறக்கல. பணம் கட்டினா சாவி தர்றோம்னு இங்கிலீஷ்ல ஒரு சீட்டு. பேக்கப் பென் டிரைவ் இருந்தது. ஆனா அது வருஷக்கணக்கா அதே கம்ப்யூட்டர் பின்னாடி சொருகியே கிடந்தது. அதுவும் பூட்டிப்போச்சு. யார் யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு மொத்தமும் போயிடுச்சு. பெரியப்பா ஒவ்வொரு கடையா போன் போட்டுக் கேட்டார். பாதிப் பேர் நேர்மையா தொகையைச் சொன்னாங்க. மீதிப் பேர், “அண்ணே, அது அப்பவே கொடுத்துட்டோமே” என்றார்கள். பேரேடு நோட்டு இருந்திருந்தா அப்படிச் சொல்லியிருப்பாங்களா?

பாக்கியோடு முடிகிற விஷயமும் இல்லை. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள், ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு. கணக்கு மின்னணு வடிவில் இருந்தால் முறையான பேக்கப் இருக்க வேண்டும், விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்று 57-ஆம் விதி சொல்கிறது. “கம்ப்யூட்டர் ரிப்பேர் சார்” என்பது பதில் ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? நாஸ் என்று ஒரு பெட்டி கடைகளில் கிடைக்கிறது. உள்ளே ஹார்ட் டிஸ்க், பின்னால் நெட்வொர்க் கேபிள் சொருகும் இடம், அவ்வளவுதான். கடை வைஃபை ரவுட்டரில் கேபிளால் இணைத்துவிட்டால், பில் போடுற கம்ப்யூட்டர், குடோன் கம்ப்யூட்டர், உங்க போன் எல்லாமே அதில் ஃபைலைப் போட்டு வைக்கலாம். இரண்டு டிஸ்க் போடுகிற சின்னப் பெட்டியே நம்ம கடைகளுக்குப் போதும். ரெய்டு 1 என்ற முறையில் அமைத்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம் எழுதப்படும். 4 டிபி டிஸ்க் இரண்டு போட்டால் உங்களுக்குக் கிடைப்பது 4 டிபிதான். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு ஓடும். டிஸ்க் கெடுவதற்கு மட்டும்தான் இது பாதுகாப்பு. தப்பா அழிச்சா இரண்டிலும் சேர்ந்தே அழியும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். பெட்டியை வாங்கி, கம்ப்யூட்டரில் ‘இசட் டிரைவ்’ மாதிரி எப்பவும் திறந்தே வெச்சீங்கன்னா, பெரியப்பாவோட பென் டிரைவ் கதைதான் திரும்ப நடக்கும். கம்ப்யூட்டரில் நுழைந்த வைரஸ் அந்த வழியாகவே பெட்டிக்கும் போகும். அதனால் பேக்கப்புக்கென்று தனி ஃபோல்டர், தனி யூசர், தனி பாஸ்வேர்டு. பில் போடுற பையனுக்கு அந்த பாஸ்வேர்டு தெரிய வேண்டாம். பேக்கப் சாஃப்ட்வேர் மட்டும் அதைப் பயன்படுத்தட்டும். பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு முதலாளிகிட்ட.

அடுத்து ஸ்னாப்ஷாட். அந்த நேரத்தில் ஃபோல்டர் எப்படி இருந்ததோ அதைப் பெட்டியே தனியா உறையவெச்சு வைக்கும். இன்னைக்கு ஃபைல் பூட்டிப்போனாலும் நேத்து ராத்திரி நிலைக்குத் திரும்பலாம். எல்லா மாடலிலும் இந்த வசதி இருக்காது. வாங்கும்போதே கேளுங்க. கடைக்காரர் மழுப்பினா வேற மாடல் பாருங்க.

போனில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்னு ஆசைப்பட்டு, ரவுட்டரில் போர்ட் திறந்துவிடச் சொல்லாதீங்க. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவனப் பெட்டிகளைக் குறிவைத்துப் பூட்டியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பெட்டிகள். வெளியிலிருந்து பார்த்தே ஆகணும்னா விபிஎன் வழியா, ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்போட. பெட்டிக்கு அப்டேட் வந்தா தள்ளிப்போடாதீங்க. எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை இருந்தால் அணைத்துவிடச் சொல்லுங்க. 2017 மே மாதம் வானாகிரை பரவினது அந்த ஓட்டை வழியாத்தான்.

டேலி பிரைமில் ஆல்ட் ஒய் அழுத்தினால் டேட்டா மெனு வரும், அதில் பேக்கப் இருக்கும். கடை சாத்தும்போது அதை ஒரு ஃபோல்டரில் எடுத்து, டேலியை மூடிட்டுப் போங்க. ராத்திரி அந்த ஃபோல்டர் தானா பெட்டிக்குப் போற மாதிரி நேரம் குறிச்சிடலாம். நம்ம மார்க்கெட்டில் ராத்திரியும் வியாபாரம் ஓடும் என்பதால், உங்க கடைக்கு எது ஓய்வு நேரமோ அதை வைங்க. கரண்ட் போனா பெட்டி தானா அணைய யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளையும் சேர்த்துக் குத்துங்க.

கடையில் தீயோ தண்ணியோ வந்தால் பெட்டியும் கடையோடு போகும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தப்ப தரைத்தளத்தில் இருந்த எந்தப் பெட்டிதான் பிழைச்சிருக்கும்? வாரம் ஒரு தடவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, கழட்டி, வீட்டு பீரோவில் வைங்க. சொருகியே வைக்காதீங்க.

தாக்குதல் நடந்துடுச்சுன்னா முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்க. பணம் கட்ட அவசரப்படாதீங்க. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம்.

பெரியப்பா கடையில் இப்ப பெட்டி மேல் அலமாரியில் இருக்கு. மாதம் ஒருமுறை பழைய பேக்கப் ஒன்றை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதாவது ஒரு கடைக்காரர் பாக்கியை எடுத்துக் காட்டச் சொல்வார். முதல் மாதம் திறக்கவே இல்லை, ஃபோல்டர் தப்பாக் குறிச்சிருந்தோம். ரெண்டாவது மாதம் திறந்தது.