பரணில் கிடக்கும் பழைய வேளாண் இதழ்கள்
(உழவர் பயிற்சிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

அறுவடை முடிந்து வீட்டை ஒதுக்கும்போது, பரணிலிருந்து வேளாண் இதழ்க் கட்டுகளையும் இறக்குவீர்கள். அவற்றை அப்படியே பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி மறுபடியும் பரணில் ஏற்றியும் விடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

விவசாயி ஒருவர், தம் தந்தையார் கத்தரித்து வைத்திருந்த ஒரு பக்கத்துடன் என்னிடம் வந்தார். பருத்திக் காய்ப்புழுவுக்கு எண்டோசல்பான் தெளிக்கச் சொல்லும் பக்கம் அது. மாதமும் ஆண்டும் அதில் இல்லை. கடையில் அந்த மருந்தைக் கேட்டிருக்கிறார்; "இதுவும் அதே மாதிரிதான்" என்று வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பழைய பக்கத்தில் கண்ட அளவிலேயே கலக்க இருந்தார். நல்ல வேளை, கலக்குமுன் வந்தார்.

எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை விதித்தது. பி.எச்.சி. தூள் 1997-லேயே தடை செய்யப்பட்டது. ஃபோரேட் குருணை 2020 இறுதியோடு நின்றது. பழைய இதழ்களில் இவை அடிக்கடி வரும். எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. அன்றைய பரிந்துரை அது. ஆகவே மருந்தின் பெயரும் அளவும் உள்ள பக்கங்களை முதலில் கிழித்து ஒதுக்குங்கள். இரகப் பட்டியலை நம்பி விதை தேட வேண்டாம்; வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

செய்முறைப் பக்கங்களை மட்டும் விடாதீர்கள். மண் மாதிரி எடுக்க, நெல் வயலில் 15 செ.மீ. ஆழத்துக்கு 'V' வடிவில் குழி வெட்டும் முறை இன்றும் அதுவேதான். விதை நெல்லை உப்புக் கரைசலில் இட்டுப் பதரை நீக்குவதும் அப்படியே. முட்டை மிதந்து, அதன் மேற்பரப்பு 25 பைசா அளவு தெரியும்வரை உப்பைக் கரைக்க வேண்டும் என்று எழுதியிருப்போம். அந்த நாணயம் 2011-ல் செல்லாமற் போயிற்று, முறை செல்லும்! மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ மறவாதீர்கள். இத்தகைய பக்கங்களை ஒரு நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் இதழின் மாதம், ஆண்டு எழுதுங்கள். எழுதிய பிறகே கத்தரியுங்கள்; கத்தரித்தபின் தேதி எங்கோ போய்விடும்.

மிஞ்சும் தாள் எருக்குழிக்கு ஆகும். பின்னை எடுத்துவிட்டு, பட்டை பட்டையாகக் கிழித்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். தாளில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. தாளை மட்டும் குவித்தால் அட்டையாக இறுகிக் கிடக்கும். சாணக் கரைசலும் பச்சைத் தழையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். மக்காத தாளை நேரே வயலில் போட்டு உழுதால், நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். பிளாஸ்டிக் பூசிய அட்டை மக்காது, அதைக் குழியில் சேர்க்காதீர்கள். பிள்ளைகளின் புத்தகத்துக்கு உறை போட அது நன்றாக உதவும்.