ஆள் பெயர்ந்ததா, மொழி பெயர்ந்ததா?



"நாங்கள் எங்கிருந்து வந்தோம்?" என்ற கேள்வி யாழ்ப்பாணத்தில் எழுந்தால் எங்கள் கற்பனை உடனே ஒரு தோணியில் ஏறிவிடும். கோடிக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே 40 மைல் அளவுதானே! ஆனால் 'யார் முதலில் வந்தவர்' என்று தொடங்கும் பேச்சு, 'யார் போகவேண்டியவர்' என்று முடிந்த துயரத்தை இந்நாடு கண்டிருக்கிறது. ஆகவே தோணிக்கு முந்திய கதையைச் சற்றுப் பார்ப்போம்.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பெருமளவு நீர் பனியாய் உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றையதிலும் 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணையோ பெரும்பாலும் 15 மீற்றர் ஆழமும் இல்லாதது. அன்று அது கடலல்ல, வெறுந் தரவை. இலங்கை கடைசியாகத் தீவானது சுமார் 7,000 ஆண்டுகளின் முன்னர்தான். மனிதரோ அதற்கு வெகுமுன்பே இங்கிருந்தனர். ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டு ஆசியாவெங்கும் பரந்த மாந்தரின் வழிவந்தோர், களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன் குரங்கையும் அணிலையும் வேட்டையாடி, எலும்பிலே அம்புமுனை செய்து வாழ்ந்தனர். வடக்கே மாந்தை அகழ்விலும் கீழ்ப்படையில் சிறுகற் கருவிகள் கிடைத்தன. ஆக, வெறுமையான தீவில் எவரும் வந்திறங்கவில்லை.

இனி ஆனைக்கோட்டைக்கு வருவோம். 1980இல் கா. இந்திரபாலா, பொ. இரகுபதி முதலிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்கே பெருங்கற்காலப் பண்பாட்டுக்குரிய புதைகுழியை அகழ்ந்தனர். எலும்புக்கூடும், கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களும், சிறியதொரு வெண்கல முத்திரையும் கிடைத்தன. முத்திரையின் மேல்வரியில் குறியீடுகள். கீழ்வரியில் பிராமி எழுத்துகள். 'கோவேத' என்று படித்தனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டளவினது என்பர். 'கோ' என்ற சொல்லைக் கண்டதும் எங்களுக்கு உவகை பொங்குவது இயல்பே. ஆனால் முத்திரை அதன் உரியவர் ஆண்ட மொழியைச் சொல்லலாமேயன்றி, அவரின் பாட்டனார் எக்கரையில் பிறந்தார் என்று சொல்லாது. மட்பாண்டத்துக்கும் இரத்தத்துக்கும் முடிச்சுப் போடும் அவசரம் எங்கள் மேடைகளில் கொஞ்சம் அதிகம்.

இவ்விடத்தில் இந்திரபாலாவையே எடுத்துக்கொள்ளலாம். 1965இல் இலண்டனில் செய்த ஆய்வில், 10ஆம் நூற்றாண்டுக்கு முன் இங்கு பரவலான தமிழ்க் குடியிருப்புகளுக்குச் சான்றில்லை என்ற கருத்தினர் அவர். தொல்லியற் சான்றுகள் சேரச்சேர அதை மாற்றிக்கொண்டார். 2005இல் வெளிவந்த நூலில் அவர் காட்டுவது வேறு: இத்தீவின் ஆதிக்குடிகளே பெரும்பாலும் தொடர்ந்து வாழ்ந்தனர், வணிகம், சமயம், வந்து கலந்தோர் ஆகியவற்றால் மொழிகள் மாறின, ஒருபால் சிங்களவரும் மறுபால் தமிழரும் அவ்வாறே உருவாயினர்.

மொழி அப்படி மாறுமா என்று கேட்பவர்கள் நீர்கொழும்பு, சிலாபம் கரையோரத்தைப் பார்க்கட்டும். வீட்டிலே தமிழ் பேசிய மீனவக் குடும்பங்கள் பல, 20ஆம் நூற்றாண்டில், பள்ளிக்கூடமும் கோவிலும் சிங்களத்துக்கு மாறியதும் சிங்களவராயின. ஒருவரும் வள்ளம் ஏறவில்லை. கடலும் அதே, வலையும் அதே. இரண்டு தலைமுறையில் நடந்தது இது. இரண்டாயிரம் ஆண்டில் எத்தனை முறை, எத்திசையில் நடந்திருக்கும்!

வந்தவரே இல்லை என்பதல்ல என் வாதம். புத்தளத்துப் பொம்பரிப்பின் தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒத்திருப்பது தற்செயலன்று. இருகரையும் ஒரு முற்றம்போல் புழங்கியிருக்கிறது. ஆனால் அதே பெருங்கற்காலப் பண்பாட்டின் கல்லறைகள் தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையிலும் உள்ளன. இன்று சிங்களம் பேசும் அவ்வூரவரும் ஆனைக்கோட்டையாரும், தம் இறந்தோரின் பக்கத்தில் ஒரேவகைக் கறுப்புச் சிவப்புச் சட்டியை வைத்த மனிதருக்குப் பின்வந்தவர்களே.