பொறி எந்த மொழியில் பேசுகிறது?



தொழில்நுட்பமும் குமுகமும் என்னும் பாடத்தைக் கற்றுத் தேர்வெழுதி முடித்த மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நீராவிப் பொறி வந்த வரலாற்றை அவன் அறிவான். மின்னாற்றல் உலகை மாற்றிய வகையை அறிவான். கணிப்பொறியின் வளர்ச்சியை வரிசைப்படக் கூறுவான். ஆயினும், திருவள்ளூர் மாவட்டத்தில் பிறந்து, நாளை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பணிக்குச் செல்லவிருக்கும் அவன் உள்ளத்தில் எழவேண்டிய வினா ஒன்று உண்டு. தொழில்நுட்பம் குமுகத்தை மாற்றுகிறது என்கின்றனர். அக்குமுகத்தோடு அது எந்த மொழியில் பேசுகிறது? இவ்வினா எழாதவரை அப்படிப்பு முற்றுப்பெற்றதாகாது.

தொழில்நுட்ப வரலாற்றை மேலைநாட்டு ஆலையிலிருந்து தொடங்கியே அவன் கற்றிருப்பான். தன் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம் என்று எவரும் அவனுக்குச் சொல்லியிரார். பூண்டிக்கு அருகில் கொற்றலையாற்றுப் படுகையில் உள்ளது அதிரம்பாக்கம். 1863ஆம் ஆண்டில் இராபர்ட்டு புரூசு பூட்டு அங்குக் கற்கருவிகளைக் கண்டறிந்தார். சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்குள்ள தொன்மையான கற்கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழமையுடையன. கல்லை எங்கே தட்டினால் எவ்வாறு பிளக்கும், எந்த முனை கையைக் கிழிக்கும் என்பன கருவி செய்தவனுக்கே தெரியும். கருவியின் பயனையும் அதன் ஏதத்தையும் ஒருவனே அறிந்திருந்த காலம் அது.

இன்றோ நிலை வேறு. கும்மிடிப்பூண்டியில் எஃகு உருக்கும் ஆலைகள் பல உள்ளன. உலையருகே நின்று வேகின்றவன் ஒருவன். அவ்வுலையின் கையேட்டைப் படிக்க வல்லவன் வேறொருவன். இருவர்க்கும் இடையே ஆங்கிலம் மதிலாய் நிற்கிறது. ஈரம் பட்ட பழைய இரும்பு, உருகிய குழம்பினுள் விழுந்தால், அவ்வீரம் நொடிப்பொழுதில் ஆவியாகிக் குழம்பை வெளியே வீசியெறியும். இவ்வொரு செய்தியைத் தமிழில் எழுதி உலையருகே வைத்தால் ஓர் உயிர் பிழைக்கும். ஆங்கிலத்தில் எழுதி வைத்தால் சுவர்தான் அழகு பெறும்!

மொழிக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் போபால் உலகுக்குக் காட்டியது. 1984 திசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து நச்சுவளி பரவி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பழுதாய்க் கிடந்த காப்பமைப்புகளும் செலவைச் சுருக்கிய பேராசையும் அவ்வழிவின் தலையாய கரணியங்கள். ஆயினும் அவ்வாலையின் இயக்கக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன என்பதையும், தொழிலாளருள் அம்மொழி அறிந்தோர் மிகச் சிலரே என்பதையும் மறத்தலாகாது. அறியும் உரிமை மறுக்கப்பட்டவன், தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமையையும் இழக்கிறான்.

சட்டம் இதனை அறியாமலில்லை. ஆலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. போபாலுக்குப் பின்னர், ஏதம் விளைக்கும் ஆலைகள் அவ்வேதத்தைத் தொழிலாளர்க்கும் சுற்றுப்புற மக்களுக்கும் அறிவித்தல் வேண்டும் என 1987இல் திருத்தமும் வந்தது. சட்டத்தின் பெயர் மாறலாம். பிரிவின் எண் மாறலாம். உயிர்காக்கும் செய்தியைத் தன் மொழியில் அறியும் உரிமை மாறாது.

அவ்வுரிமை ஆலை மதிலோடு நின்றுவிடுவதன்று. அதிரம்பாக்கத்தைத் தழுவி வரும் கொற்றலையாறு எண்ணூரில் கடலோடு கலக்கிறது. அங்கே 2023 திசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வளி கசிந்தது. பெரியகுப்பம் முதலிய மீனவர் ஊர்களில் மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினர்; பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா நீரில் எளிதிற் கரையும். ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்லுதல் வேண்டும். இதனை எளிய தமிழில் சொல்ல எத்தனை வரி வேண்டும்? இரண்டு வரி! இவ்விரண்டு வரியைப் பள்ளிச் சிறுவனும் மீன் விற்கும் மூதாட்டியும் முன்னரே அறிந்திருத்தலன்றோ குமுகத்திற்குத் தொழில்நுட்பம் செலுத்தவேண்டிய முதற் கடன்?

தமிழில் அறிவியலைச் சொல்லவியலாது என்பார் இன்றும் உளர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கங்கண்ட அதே 1916ஆம் ஆண்டில், சேலத்தில் அறிவியற் கலைச்சொல் ஆக்கும் கழகமொன்றும் தோன்றியது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. குறை மொழியில் இல்லை. மொழியை ஆலை வாயிலில் நிறுத்திவைக்கும் மனத்தில் உள்ளது.

ஒன்றை மறவாதீர்! கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இன்று ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளரும் பலர் உழைக்கின்றனர். பெரும்பான்மையோர் மொழியில் எழுதினால் போதும் என்னும் விதி, சிறுபான்மையோனை நெருப்பின்முன் ஊமையாக நிறுத்திவிடும். அரசு திணிக்கும் மொழியை எதிர்ப்பது வேறு. வயிற்றுக்காக வந்தவனின் உயிரைப் பேணுவது வேறு. தமிழுக்கு முதலிடம் கேட்போம். உலையருகே நிற்கும் ஒவ்வொருவனுக்கும் அவன் மொழியில் எச்சரிக்கை கேட்போம். தன் தாய்மொழியின் அருமையறிந்தவன் பிறன் தாய்மொழியை இகழான்.

எனவே, படிப்பு முடித்த மாணவன் செய்யவேண்டிய பணி தெளிவானது. தன் துறையின் கையேடு ஒன்றையேனும் தமிழாக்குக. ஆலைக்குட் சென்றதும் எந்தப் பலகை எவர்க்குப் புரியவில்லை என்று கேட்டறிக. தன் ஊர்க்கு அருகிலுள்ள ஆலையில் என்ன நச்சுப்பொருள் உள்ளது, அது கசிந்தால் செய்யவேண்டுவது யாது என்பதைத் தாளில் எழுதி ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டுக. பட்டயம் அவனுக்கு வேலை தரும். இப்பணியோ அவனைத் தமிழ்க் குமுகத்தின் அறிஞனாக்கும்.

ஆலை தமிழ்மண்ணில் நிற்கின்றது. அதன் எச்சரிக்கையும் தமிழில் ஒலிக்கட்டும்!