இருபது நிமிடத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

(சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறுபதைத் தாண்டிய நமக்குத் தெருமுனை கிளினிக் டாக்டர்தான் முதல் துணை. நமக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட டாக்டர் ஒருநாள் கிளினிக்கை மூடிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால், "பணத்தாசை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வாடகை 25,000 ரூபாய், உதவியாளர் சம்பளம் 15,000, மின்சாரம், மருத்துவக் கழிவு அகற்றல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து 8,000. மொத்தம் மாதம் 48,000 ரூபாய். ஃபீஸ் 300 என்றால் முதல் 160 பேர் கொடுப்பது செலவுக்கே சரி.

மாலை மூன்று மணி நேரம் கிளினிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், சளி என்று வரும் இளைஞருக்கு ஐந்து நிமிடம் போதும். நமக்கு? நான்கு வியாதி, எட்டு மாத்திரை, ஒரு கட்டு ரிப்போர்ட், காதும் கொஞ்சம் மந்தம். இருபது நிமிடம் ஆகிறது. நம்மைப் போன்றவர்களை மட்டுமே பார்த்தால் நாளைக்கு ஒன்பது பேர். 25 நாளில் 67,500 ரூபாய் வரவு. செலவு போக டாக்டர் கையில் நிற்பது 19,500.

மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அது நமக்கு நல்லதுதான். ஆனால் டாக்டர் வாங்கும் கருவிக்குக் கட்டிய வரியை மற்ற வியாபாரிகளைப் போல அவர் கழித்துக்கொள்ள முடியாது. அதுவும் அவர் தலையில்தான்.

நம் பக்கமும் கஷ்டம் இருக்கிறது. பெரும்பாலான மெடிக்ளெய்ம் பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. கிளினிக் ஃபீஸும் மாதாந்திர மாத்திரையும் நம் பென்ஷனிலிருந்தே போகின்றன. அதனால் முந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறோம். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனிலேயே இலவசமாகக் கேட்டுக்கொள்கிறோம். கிளினிக் மூடினால், சாதாரணத் தலைசுற்றலுக்கும் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நம்மைத் தெரியாத டாக்டரிடம் முதலிலிருந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டிவரும். அப்போது மிச்சம் எங்கே?

ஆகவே சில யோசனைகள்.

மாத்திரைப் பெயர்கள், கேட்க வேண்டிய கேள்விகள், கடைசி ரிப்போர்ட் விவரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இருபது நிமிடம் பன்னிரண்டாகும்.

போனில் ஆலோசனை கேட்டாலும் ஃபீஸ் அனுப்புங்கள்.

பணமாகக் கொடுக்காமல் யுபிஐ அல்லது காசோலையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாத மூத்த குடிமக்கள், பழைய வரி முறையில் இருந்தால், 80டி என்று நாம் அறிந்த சலுகையில் வருடம் 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். டாக்டர் ஃபீஸ், மருந்து இரண்டும் இதில் சேரும். ரொக்கமாகக் கொடுத்தால் இந்தச் சலுகை கிடையாது.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். டாக்டரின் பெரிய சுமை வாடகை. நம் சங்க அறை காலை வேளையில் பூட்டித்தான் கிடக்கிறது. வாரம் இரண்டு காலை, நம் பகுதி டாக்டர் ஒருவர் வாடகையின்றி அங்கே மூத்தவர்களைப் பார்க்க அனுமதிக்கலாமா? சட்டப்படி என்னென்ன தேவை என்று விசாரித்து, அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்க வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.